எங்கள் வளவுச் சேவல்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் வந்து கேட்டபோது, எதைப் பற்றி என்று வினவினேன். "உங்கள் விருப்பம், ஐயா" என்றார்கள். விருப்பத்துக்கு விட்டால் வயோதிபர் எதை எழுதுவர் என்பதை அவ்விளைஞர்கள் அறியார் போலும். கோணேசர் ஆலய வரலாற்றையும், விபுலானந்த அடிகளின் யாழ் நூலையும், நம் கல்லூரியை வளர்த்த பெரியோரையும் எழுதத் தக்கார் பலர் உளர். இம்மலரில் எழுதியும் இருப்பர். அவர்களுக்கிடையே நான் ஒரு சேவலைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். அது கொத்தும். வாசகர்கள் சற்று விலகி நின்று வாசிப்பார்களாக.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை இந்நாட்டில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருளுக்கு ஒரு வரிசை, எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை. கோழித் தீவனம் அருகிப் பண்ணைகள் பல தளர்ந்தன. முட்டை விலை ஏறியது. 2023இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி முட்டை வந்த அதிசயத்தையுங் கண்டோம். எங்கள் லிங்கநகரிற் பல வளவுகளிலே கோழிக்கூடுகள் முளைத்த காலம் அது. எங்கள் வீட்டிற் புலால் சமைப்பதில்லை. முட்டை மாத்திரம் பேரப்பிள்ளைகளின் பொருட்டு, இல்லாளின் சிறப்புச் சலுகையால், அடுக்களைக்குள் நுழைந்திருந்தது. ஆதலின் நாங்களும் மூன்று ஊர்க்கோழிப் பேடுகளை வாங்கி, பின்வளவிற் பழைய தகரங்களையும் பலகைகளையுங் கொண்டு ஒரு கூடு அமைத்தோம். ஈராண்டில் மூன்று பதினொன்றாயிற்று.

அவற்றுள் ஒன்றுதான் செம்பன். அதன் உடன்பிறப்புக்களையும் தாயையுங் கீரி கொண்டுபோயிற்று. எஞ்சிய ஒற்றைக் குஞ்சை எடுத்து வளர்த்தவன் என் மகளின் மகன்; அப்போது அவனுக்கு ஒன்பது வயது. சட்டைப் பையிலே குஞ்சு, மடியிலே குஞ்சு, பாடம் படிக்கும் மேசையிலே குஞ்சு. குறுணல் அரிசியை உள்ளங்கையில் வைத்து ஊட்டினான். மற்றைக் கோழிகள் மனிதர் வந்தால் விலகும், செம்பன் விலகாது. மனிதரைத் தன் இனமென்றே அது எண்ணியிருத்தல் வேண்டும்.

ஐந்தாம் மாதத்திற் சூட்டுச் சிவந்தது, வாலிறகு வளைந்தது, தொண்டை உடையும் பையனின் குரலில் ஒரு கூவல் பிறந்தது. அதுவரை யாவும் இன்பமே. பின்னர் ஒரு நாள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த இல்லாளின் ஈர்க்குமாற்றை எதிர்த்து நின்றது. அடுத்த வாரம் பால் கொண்டு வருபவரின் காலைப் பாய்ந்து உதைத்தது. என் சாரத்தில் அதன் முள் கிழித்த கிழியல் இன்றும் உண்டு. இவற்றையெல்லாம் நாங்கள் நகைப்பாகவே எடுத்துக்கொண்டோம். பேரனின் தங்கைக்கு நான்கு வயது. அவள் முட்டை பார்க்கக் கூட்டருகே குனிந்தபோது அது பாய்ந்தது. இடக்கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே கன்னத்திற் காயம். ஆசுபத்திரியிற் காயத்தைக் கழுவி, ஏற்பு ஊசியும் போட்டு அனுப்பினார்கள். அந்த இரண்டு விரற்கடையை நினைத்து அன்றிரவு வீட்டில் எவரும் உறங்கவில்லை.

மறுநாட் காலை வழக்கு விசாரணை. மருமகன் கத்தியைப் பற்றிப் பேசினார். வளர்த்த கையால் அறுப்பதோ என்று இல்லாள் மறுத்தாள். முருகன் கொடியிலுள்ள பறவை என்பதையும் நினைவூட்டினாள். கோயிலுக்கு நேர்ந்து விடலாம் என்றார் அயல் வளவு அம்மையார். பிள்ளைகள் ஓடி விளையாடும் கோயில் வீதிக்கு இப்படிப்பட்ட ஒன்றை அனுப்புவது எவ்வகைப் புண்ணியமோ எனக்குப் புரியவில்லை. தடியெடுத்து நாலு போட்டால் அடங்கும் என்றார் இன்னொருவர். தண்ணீர் ஊற்று என்றார் வேறொருவர். பேரன் மாத்திரம் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் என்னருகே வந்து, "அம்மப்பா, அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு எங்களைக் கோழியெண்டு நினைப்பு" என்றான்.

இச்சொல்லை நான் ஆராயத்தக்க சொல்லாகவே கொண்டேன்.

சேவலின் போரை நம்மவர் தொன்றுதொட்டுப் போற்றி வந்திருக்கின்றனர். குறுந்தொகையிலே ஒரு புலவருக்குப் பெயரே குப்பைக் கோழியார். குப்பைமேட்டில் விலக்குவாரின்றிப் பொரும் கோழியை உவமையாக்கியமையால் வந்த பெயர் அது. புறப்பொருள் வெண்பாமாலையின் ஒழிபிற் கோழிவென்றி என்று ஒரு துறை உண்டு. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பதும் ஒரு பெயர். கோழியொன்று யானையைப் பொருது வென்ற இடம் என்பர். இத்தனை புகழையும் கேட்டு வளர்ந்த சமூகத்திலே ஒரு சேவல் பிள்ளையின் முகத்திற் பாய்ந்தால் அதை யார் குற்றஞ் சொல்வது! எனினும், நம் முன்னோர் சேவலிடத்தே புகழ்வதற்கு இதனினும் மேலான பண்புகளை விட்டுவிட்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. நல்ல புழுவொன்றைக் கண்டால் சேவல் தான் விழுங்குவதில்லை. கொக்கொக்கென அழைத்து, அதை அலகால் எடுத்தெடுத்துப் போட்டுப் பேட்டுக்குக் காட்டும். (சில வேளைகளில் ஒன்றும் இல்லாமலே அழைத்து ஏமாற்றும் என்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர், அதையும் மறைத்தலாகாது.) வானத்திலே பருந்து வட்டமிட்டால் ஒரு குரல், நிலத்திலே நாயோ கீரியோ வந்தால் வேறு குரல். கேட்ட பேடுகள் முன்னதற்குப் பதுங்கும். பின்னதற்குத் தலைநிமிர்ந்து நோக்கும். இது காவற்காரனின் கல்வி. போர் அதில் ஒரு பகுதியே.

கோழி எங்கிருந்து வந்தது என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடலாம். நம் மாவட்டத்துக் காடுகளில் வாழும் இலங்கைக் காட்டுக்கோழி இந்நாட்டின் தேசியப் பறவை, சிவந்த சூட்டின் நடுவே மஞ்சள் திட்டுடையது, பேரழகு. ஆனால் நம் வீட்டுக் கோழியின் மூதாதை அதுவன்று. தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழியே அம்மூதாதை. அதிலும் தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் உள்ள கிளையே முதன்மையானது என்று 2020இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டிற்று. காட்டிலே ஒரு சேவல் தன் பேடுகளோடு ஓர் இடத்தை ஆண்டு நிற்கும். வேறு சேவல் நுழைந்தாற் பொரும். அந்த இரத்தந்தான் லிங்கநகரில் இல்லாளின் ஈர்க்குமாற்றைக் கண்டு கொதித்தது.

கோழிக்கூட்டத்துக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு என்று முதன்முதல் ஆராய்ந்து எழுதியவர் நோர்வே நாட்டவரான தோர்லைஃப் ஷெல்டெருப் எப்பே என்பார். சிறுவனாயிருந்தபோதே வீட்டுக் கோழிகளை உற்று நோக்கிக் குறிப்பெழுதத் தொடங்கியவர். பின்னர், 1920களின் தொடக்கத்தில், அதனை ஆய்வாகவே வெளியிட்டார். இன்று அலுவலகங்களிலும் அரசியலிலும் நாம் காணும் மேல் கீழ் வரிசைக்கு அக்கோழிகளின் பெயரே உலக வழக்காகிவிட்டது. யப்பானிய ஆராய்ச்சியாளர் 2015இல் இன்னொன்று கண்டனர்: விடியலில் முதலிற் கூவும் உரிமை கூட்டத்தில் மேனிலையிலுள்ள சேவலுக்கே, ஏனையவை முறைப்படி பின்னர் கூவும். எங்கள் ஒழுங்கையிலே எந்த வளவுச் சேவல் முதலிற் கூவுகின்றது என்று நான் இப்போது காது கொடுத்துக் கேட்பதுண்டு.

இளஞ்சேவலுக்கு இக்குணம் ஏன் ஐந்தாறு மாதத்தில் மூளுகின்றது? 1849இல் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்னும் பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு செய்த சோதனை இதற்கு விடை தருகின்றது. விதையகற்றப்பட்டவை சூட்டு வளராமல், கூவாமல், பொராமல் சாதுவாய் நின்றன. விதையை மீட்டும் வயிற்றறைக்குள் வைக்கப்பட்டவை ஏனைச் சேவல்களைப் போலவே சிலிர்த்து வளர்ந்தன. இரத்தத்திலே கலந்து செல்லும் ஏதோவொன்று செய்யும் வேலை இது என்று அவர் முடிவு செய்தார். சுரப்பிகளைப் பற்றிய கல்விக்கே அது தொடக்கம் எனலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்கள் இவ்விடத்திற் புன்னகை செய்வர். நானும் நெடுங்காலம் சுண்ணக்கட்டி பிடித்தவனே.

பேரன் சொன்னது சரியே. தன்னினத்தார் நடுவே வளர்ந்த சேவலை மூத்த சேவலும் முதிய பேடுகளும் கொத்திக் கொத்தி இடமறியச் செய்கின்றன. மனிதர் மடியில் வளர்ந்த சேவலுக்கு மனிதரிடத்து அச்சமில்லை. பருவம் வந்ததும் அவரையே போட்டியாளராகக் கருதி அறைகூவுகின்றது. அடித்து அடக்கு என்பாரின் யோசனை பிழைப்பது இதனாலேதான். ஒரு சேவலின் கண்ணுக்கு உதை என்பது தண்டனையன்று. எதிராளி போருக்கு இசைந்தான் என்பதற்கு அடையாளம். அது மீண்டும் வரும். ஓடுதலும் அத்தகையதே, தோற்றவன் ஓடுவான், வென்றவன் துரத்துவான் என்பதே அதன் சாத்திரம். வள்ளுவர் காலமறிதலில், ஊக்கமுடையான் ஒடுங்கியிருத்தலை, பொருகின்ற கடா பின்வாங்கிப் பாய்வதற்கு ஒப்பிட்டார். கடாவின் நூல் வேறு, சேவலின் நூல் வேறு. சேவலின் முன் ஓர் அடி பின்வைத்தாற் போதும், கதை முடிந்தது.

எனவே அடியாமலும் ஓடாமலும் இருக்கும் ஒரு வழி வேண்டும். என் பழைய வகுப்புத் தோழருள் ஒருவர் கால்நடை வைத்தியராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொலைபேசியிற் சொன்னவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, பேரனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு தொடங்கினேன். முதலில் தடித்த காற்சட்டையும் பழைய சப்பாத்தும் அணிந்துகொண்டேன். லிங்கநகர் வெயிலில், அதிகாலையில், சப்பாத்தணிந்து கோழிக்குத் தீன் போடும் ஓய்வுபெற்ற ஆசிரியரை வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்காத அயலவர் இலர்.

செம்பன் பாயுமுன் மூன்று அறிகுறிகள் காட்டும். நிலத்தில் இல்லாததைக் கொத்துவது போலப் பாசாங்கு செய்யும். ஒரு செட்டையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடனமாடும். கழுத்திறகு குடைபோல விரியும். மூன்றாவது வருமுன்னரே நான் அதனை நோக்கி நடப்பேன். விரைவாகவன்று, கோயில் வீதியைச் சுற்றுபவன் நடப்பது போல. அது விலகும் வரை நடப்பேன். விலகியதும் நின்றுவிடுவேன், துரத்துவதில்லை. பாய்ந்துவிட்டாற் குனிந்து, இரு செட்டைகளையும் உடம்போடு அணைத்துப் பிடித்துத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என் வேலையைப் பார்ப்பேன். செம்பனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே பூவரசுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், பத்திரிகையும் வாசித்திருக்கிறேன். உடல் தளர்ந்து தலை தாழ்ந்த பின்னரே இறக்கிவிடுவேன். உள்ளங்கையில் ஊட்டுவது நின்றது. தீன் நிலத்தில் மாத்திரம். மடியில் ஏற்றுவதும் நின்றது. இது பேரனுக்குக் கடினமாயிருந்தது. ஆயினும் ஒரு நாளும் மீறவில்லை. முள்ளின் கூர்நுனியை மாத்திரம், உள்ளே இரத்தம் ஓடும் பகுதிக்குப் படாமல், அரத்தால் இராவி மழுக்கினோம்.

இருபது நாள் வரை பயன் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் வாரத்திற் பக்கவாட்டு நடனம் அருகிற்று. ஆறாம் வாரத்தில் நான் படலையைத் திறந்தால் செம்பன் தானே நாலடி விலகி நிற்கும். பால்காரரையும் விட்டுவிட்டது. இல்லாள் ஈர்க்குமாற்றோடு அச்சமின்றி முற்றம் பெருக்கினாள். பேரனின் முகத்திலே வெளிச்சம் வந்தது. "சொன்னேன்தானே, அம்மப்பா" என்றான்.

ஆனால் நான் சோதிக்கவேண்டியது ஒன்று மீதியிருந்தது. ஒரு மாலை, பேத்தியை என் பின்னே நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டுப்பக்கம் மெல்ல நடந்தேன். செம்பன் எனக்கு வழிவிட்டது. வழிவிட்டு, வளைந்து, என் பின்பக்கத்தால் அவளை நோக்கிக் கழுத்திறகை விரித்தது. குறுக்கே காலை வைத்துத் தடுத்துத் தூக்கிவிட்டேன், தீங்கொன்றும் நேரவில்லை. பின்னும் இரு முறை, இடைவெளி விட்டுச் சோதித்தோம். அதே முடிவு. என்னிடம் கற்ற பாடத்தை அது என்னளவில் மாத்திரமே கற்றிருந்தது. இன்னார் மேல், அவருக்குக் கீழ் நான், எனக்குக் கீழ் இவள் என்று அதன் ஏட்டில் வரிசை எழுதியாயிற்று. அவ்வரிசையில் நான்கு வயதுப் பிள்ளை தன் இடத்தைத் தானே நாட்டவேண்டும். அதை அவளிடம் எப்படிக் கேட்பது? பெரியவரின் முழங்காலுக்கு வரும் முள் அவளுக்குக் கண்ணுக்கு வருகின்றது.

கோட்டை வாசலில் மான்களோடு வளர்ந்த ஊரவர் நாம். கொம்பு முதிர்ந்த கலைமான் அருகே பிள்ளையை விடலாகாது என்று நமக்கு எவரும் புத்தகத்தில் எழுதித் தரவில்லை. ஆனாலும் மானை வெறுத்தோமில்லை. இதைத்தான் பேரனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, "வலை அடிச்சு அவனைத் தனியாய் வைப்பமா?" என்று கேட்டான். அதையும் செய்து பார்த்தோம். பேடுகளை வலைக்கப்பால் கண்டுகொண்டு, அவற்றோடு சேரமுடியாமல், ஒரே தடத்தில் நடந்து நடந்து மண்ணைத் தேய்த்தது செம்பன். பருந்து வந்தாற் குரல் கொடுக்கும், காக்கப் போகமுடியாது. மூன்றாம் வாரத்தில் அவனே வந்து, "வேண்டாம், அம்மப்பா" என்றான்.

தம்பலகாமத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் வயல் செய்கிறார். பெரிய வளவு, பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள், முப்பதுக்குக் குறையாத கோழிகள், ஆறு வயதுக் கிழச்சேவல் ஒன்று. நிலைமையைச் சொன்னேன். "கொண்டு வா, மச்சான். என்ர கிழவன் படிப்பிப்பான்" என்றார். சட்டிக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையைப் பேரனே தொலைபேசியை வாங்கிச் சொன்னான். நண்பர் சிரிக்காமல் வாக்குக் கொடுத்தார். அதற்காக நான் அவருக்கு என்றும் நன்றியுடையேன். ஒரு சனிக்கிழமை பிரம்புக் கூடையில் வைத்து, மேலே சாக்குப் போட்டு மூடி, முச்சக்கர வண்டியிற் கண்டி வீதி வழியே கொண்டுபோனோம். வழி நெடுகிலும் பேரன் கூடைமேல் கை வைத்தபடியே இருந்தான்.

நோய் ஏதும் இருந்தாற் பரவாதபடி முதலிரு வாரமும் செம்பனைப் புறம்பாக அடைத்து வைத்தார் நண்பர். திறந்துவிட்ட அன்று கிழச்சேவல் அதை ஐந்து நிமிடத்தில் வெருட்டி வைக்கோற்போரின் மேல் ஏற்றிவிட்டதாம். மறுநாள் முதிய பேடொன்று கொத்தியதாம். ஒரு மாதம் செம்பன் வளவின் விளிம்பிலேயே, தலை தாழ்த்தித் திரிந்ததாம். இதைக் கேட்டுப் பேரன் கலங்கினான். நண்பரோ, "சாப்பிடுகிறான், கூவுகிறான், இரவில் எல்லாரோடும் மரத்தில் ஏறிப் படுக்கிறான். வேறென்ன வேண்டும்?" என்றார்.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு ஆதிகோணநாதர் கோயிலுக்குப் போனவிடத்து, அவ்வளவுக்கும் போனோம். கிழவன் முன்வளவில், செம்பன் பின்வளவில், மாட்டுக் கொட்டிலருகே, சில பேடுகளோடு. உடம்பு பெருத்து, வாலிறகு கருநீலமாய் மின்னியது. பேரன் வேலியோரம் நின்று பெயர் சொல்லி அழைத்தான். அது ஒரு முறை தலை திருப்பிப் பார்த்தது, வரவில்லை. எருக்குவியலைச் சீய்த்து, ஏதோ ஒன்றைக் கண்டு, கொக்கொக்கென்று அழைத்தது. பேடுகள் ஓடி வந்தன. தான் உண்ணாமல் நின்றது.

"ஏழு பேடு" என்றான் பேரன், எண்ணிப் பார்த்து. பின்னர் நண்பரின் மனைவியார் கொடுத்த பொங்கலை உண்ணப் போய்விட்டான்.

எங்கள் வளவில் இப்போது சேவல் இல்லை. முட்டையிடுவதற்குப் பேடுகளுக்குச் சேவல் வேண்டியதில்லை. குஞ்சு பொரிப்பதற்கே வேண்டும். கீரிக்கு மாத்திரம் வலையை இரட்டையாய் அடித்திருக்கிறோம். காலையிற் கூட்டைத் திறந்து முட்டை பொறுக்குவது பேத்தியின் வேலை.